கேரவனில் பூச்சித் தொல்லை: கேள்வி-பதில்

குன்றக்குடி வாசகர்: ஊருணிக் கரையில் நிழலாக இருக்கிறதே என்று கேரவனை நிறுத்தினோம். விடியும்வரை கொசு.

நிழலும் தண்ணீரும் சேர்ந்த இடம் கொசுவுக்கும் பிடிக்குமே! நூறு இருநூறு அடி தள்ளி, புதரில்லாத காற்றாடும் மேட்டில் நிறுத்துங்கள். வண்டிக்கடியில் வாளித் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

தேவகோட்டை வாசகி: மாவுருண்டை டப்பாவில் எறும்பு. மூடித்தான் வைத்திருந்தேன்.

டப்பாவை விடுங்கள், வண்டியில் எப்படி ஏறியது என்று பாருங்கள். டயர், ஜாக்கி, கரண்ட் ஒயர், தண்ணீர்க் குழாய், மேலே உரசும் மரக்கிளை, இவைதான் வழி. எறும்பு போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனை போய்விடும். ஒயர் நுழையும் ஓட்டையை அடையுங்கள். எப்போதும் சொல்வதுதான்: முதலில் ஓட்டை, கடைசியில்தான் ஸ்ப்ரே.

காரைக்குடி வாசகர்: ‘ஏதோ பூச்சி கடித்துவிட்டது. என்ன மருந்து போடலாம்?’

எப்போது, எங்கே, என்ன நிறம், ஒன்றுமே எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. காலையில் வரிசையாகத் தடிப்பு இருந்தால் மெத்தைத் தையலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கோடு போட்டதுபோல் எரிந்து கொப்பளித்தால் அது கடியே இல்லை. எறும்புபோல் நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் ஒரு வண்டைத் தோலில் நசுக்கியிருப்பீர்கள். அதை நசுக்கக் கூடாது, ஊதித் தள்ள வேண்டும். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போங்கள்.

பள்ளத்தூர் வாசகி: கைக்குழந்தை இருக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துகிறோம். போதுமா?

போதும், இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை தடவைதான் எழுதுவது? வண்டிக்குள் இருப்பது பத்தடிக்கு ஆறடி. அதை அடைத்துவிட்டு ஏழெட்டு மணி நேரம் எரியும் சுருளை வைத்தால், நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் குழந்தையின் மூச்சில்தான் போகும். பக்கத்திலேயே திரைச்சீலை, மெத்தை, கேஸ் அடுப்பு வேறு. உடனே ஒருவர், ‘எங்கள் அப்பத்தா வேப்பிலைப் புகை போட்டுத்தானே வளர்த்தார்’ என்று எழுதுவார். அப்பத்தா போட்டது வீட்டு நடுவே வானம் பார்த்துத் திறந்த முற்றமான வளவில். புகை மேலே போய்விடும். உங்கள் கேரவனில் ஏது வளவு? சாம்பிராணிக்கும் இதே பதில்தான். பொழுது சாய்வதற்கு முன்பே வலைக்கதவை மூடி, உள்ளே மிச்சமிருப்பதைப் பேட்டால் அடியுங்கள். குழந்தைக்குத் தனி வலை கட்டுங்கள். ஃபேன் ஓடட்டும், அந்தக் காற்றில் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு கூடாது. அதற்கு மேல் என்றாலும் கை, வாய், கண் பக்கம் தடவாதீர்கள். சுருள் வேண்டியே தீருமென்றால் வெளியே, நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை மட்டும்.

திருப்பத்தூர் வாசகர்: பூச்சி விரட்டும் ஒலிக் கருவி வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல வலை வாங்குங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: மழைக்குப் பிறகு வண்டி நிறைய ஈசல்.

உள்விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு விளக்கை வெளியே ஏற்றுங்கள். எல்லாம் அங்கே போய்விடும். வாசல் விளக்கு வெள்ளையாக இருந்தால் மஞ்சளாக மாற்றுங்கள்.

புதுவயல் வாசகர்: வெந்நீர் கேஸ் கருவியின் புகைப்போக்கியில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. துணியால் அடைத்துவிடலாமா?

ஓட்டையை அடை என்றதும் இதையும் அடைத்துவிடாதீர்கள்! அந்தப் புகை வெளியே போயாக வேண்டும். கருவி ஆறிய பிறகு கூட்டைச் சுரண்டி எடுத்து, அதற்கென்றே விற்கும் கம்பிவலையைப் பொருத்துங்கள். அதுவரை பற்றவைக்காதீர்கள்.