கேள்வி – பதில்: தூதர் முன்னே, பூதம் பின்னே

கேள்வி: மேற்கத்திய மந்திர நூல்களைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுபத்திரண்டு தேவதூதர்கள், எழுபத்திரண்டு பேய்கள் என இரண்டு பட்டியல்கள் காணப்படுகின்றன. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு தூதரை இணையாக வைத்து, இரு தரப்பையும் சமமாக அழைத்து வந்தால் மனம் சமநிலை பெறும் என்கிறார்கள். இது பழைய மரபுதானா?
– வாசகர், கோவை

பதில்: 'சமமாக' என்ற சொல்தான் இடிக்கிறது. இரு தரப்பையும் அழைப்பது பழைய வழக்கம். இருவரையும் ஒரே பலகையில் உட்கார வைப்பது அண்மைக்காலத்துக் கருத்து.

கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் உருவான 'சாலமோனின் ஏற்பாடு' என்ற நூலைப் பாருங்கள். ஆலயம் கட்டும் இடத்தில் வேலை செய்யும் சிறுவன் ஒருவன் நாளுக்கு நாள் மெலிந்து வருகிறான். அரசர் சாலமோன் விசாரித்தபோது, பொழுது சாய்ந்ததும் ஓர்னியாஸ் என்னும் பேய் வந்து கூலியிலும் சாப்பாட்டிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, அவனது வலது கைக் கட்டைவிரலையும் சப்பிவிட்டுப் போகிறது என்கிறான். சாலமோன் கடவுளிடம் மன்றாட, மிக்கேல் தூதர் ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்து தருகிறார். அந்த மோதிரத்தால் பிடிபட்ட பேய் ஆலயத்துக்குக் கல் வெட்டும் வேலைக்கு அனுப்பப்படுகிறது. அடுத்தடுத்து வரும் பேய்களிடம் அவர் பெயரைக் கேட்பதோடு, எந்தத் தூதருக்கு நீ அடங்குவாய் என்றும் கேட்கிறார். கத்தோலிக்க வாசகர்கள் தோபித்து நூலில் இதையே படித்திருப்பார்கள்: சாராவின் ஏழு கணவர்களைக் கொன்ற பேய், மீனின் ஈரலும் இதயமும் புகைந்த நாற்றம் தாங்காமல் எகிப்துக்கு ஓட, இரபேல் தூதர் பின்தொடர்ந்து சென்று அதைக் கட்டிப்போடுகிறார்.

நீங்கள் சொல்லும் இரண்டு பட்டியல்களும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. விடுதலைப் பயண நூலின் 14ஆம் அதிகாரத்தில் 19 முதல் 21 வரையுள்ள மூன்று வசனங்களும் எபிரேயத்தில் 72 எழுத்துகள் கொண்டவை. நடு வசனத்தைத் தலைகீழாக எழுதி, வசனத்துக்கு ஓர் எழுத்தாக மூன்று மூன்றாகச் சேர்த்துப் படித்ததில் பிறந்தவை தூதர்களின் பெயர்கள். பேய்களின் பட்டியலுக்கோ வேறொரு வரலாறு உண்டு. யோஹான் வையர் என்ற மருத்துவர் 1577இல் அச்சிட்ட பட்டியலில் 69 பேய்கள்தாம் இருந்தன, முத்திரைகளும் (ஒவ்வொரு பேய்க்கும் உரிய வரைகுறிகள்) இல்லை. சூனியக்காரிகள் என்று பழி சுமத்திப் பெண்களை எரிப்பதைக் கண்டித்து எழுதியவர் அவர். இத்தகைய மந்திரங்களின் மடமையைக் காட்டவே அதை வெளியிட்டார். யாரும் செய்துபார்க்கக் கூடாதென்று சில பகுதிகளை விட்டும்விட்டார். இன்று பலர் மெழுகுவத்தி ஏற்றிப் படிக்கும், எழுபத்திரண்டு பேய்களை அழைக்கும் மந்திர நூலான 'கோயட்டியா' பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானபோது, அவருடைய பட்டியலே பெரிதும் அதில் புகுந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவர் மீது இரக்கமும் வருகிறது. தூதரையும் பேயையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைத்துக் காட்டும் கையெழுத்துப் படி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அங்கும் தூதரின் பெயர், பேயை அடக்கி வைப்பதற்காகவே தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: காவல் தூதரின் தரிசனம் நாடிச் செய்யும், அப்ரமெலின் என்ற மந்திர நூலில் உள்ள சாதனைக்கு ஆறு மாதம் என்கிறார்கள் சிலர், பதினெட்டு மாதம் என்கிறார்கள் சிலர். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: பிரெஞ்சுப் படியிலிருந்து மாதர்ஸ் என்ற ஆங்கில மந்திரவாதி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆறு மாதம், ஜெர்மன் படிகளில் பதினெட்டு மாதம். ஜெர்மன் படிகளே மூலத்துக்கு நெருக்கமானவை என்பது என் எண்ணம். அதற்கு அந்த நூலின் எண்ணெய்ப் பக்குவமே சாட்சி. வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு, விவிலியத்தின் அபிஷேக எண்ணெயில் உள்ளது போல வசம்பு சேர்க்கச் சொல்கின்றன ஜெர்மன் படிகள். ஆங்கில நூலில் அது அரத்தையாகிவிட்டது. நம் வீட்டுப் பாட்டிகளிடம் கொடுத்திருந்தால் முகர்ந்தே வேறுபாட்டைச் சொல்லியிருப்பார்கள்.

காலக்கணக்கை விட முக்கியமானது அதன் வரிசை. மாதக்கணக்கில் விடியற்காலை வேண்டுதலும் தூய்மையும் தனிமையும் மட்டுமே உண்டு. தன் காவல் தூதரின் தரிசனம் கிடைத்த பிறகே, சாதகர் பேய்களை வரவழைத்து ஆணைக்குக் கட்டுப்படும் உறுதிமொழி வாங்குகிறார். 1899இல் இதற்கென்றே ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரிக்கரையில் வீடு வாங்கிய ஆங்கில மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலி, அங்கே அதை முடிக்காமலே போனார். வேலை, சமையல், பிள்ளைகள் என்றிருப்பவர்கள் காலை வேண்டுதலை மட்டும் எடுத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

கேள்வி: தூதர் யாரையும் அழைக்காமல், ஒரு பேயின் முத்திரையை மட்டும் படுக்கையறையில் வைத்துத் தியானம் செய்து வந்தேன். மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை. யாரோ கூப்பிடுவது போலக் குரல் கேட்கிறது. தூதரையும் அழைத்தால் சரியாகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: இப்போது யாரையும் அழைக்க வேண்டாம். அழைத்ததை வழியனுப்பும் வாசகம் கோயட்டியாவிலேயே உண்டு. உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் உங்கள் சொற்களிலேயே விடை கொடுத்து, முத்திரையை அகற்றிவிட்டு, இன்றிரவு வீட்டார் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத் தூக்கமின்மையும் குரல் கேட்பதும் மருத்துவர் உடனே பார்க்க வேண்டியவை. நாளையே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். முத்திரை வைத்துத் தியானம் செய்ததையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.