சூப்பர் மார்க்கெட் காலி செய்கிறது, மாடிக் கடை தாங்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் முதல் மாடியில் குழந்தைகள் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். அக்ரிமென்டில் 420 சதுர அடி. சதுர அடிக்கு வாடகை 70 ரூபாய், மெயின்டனன்ஸ் 18 ரூபாய், இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. கரண்ட் 9,500. வேலைக்கு இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 26,000. நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய் நிற்கும். மாதம் 3,60,000 வரை ஓடிய வியாபாரம் இப்போது 2,10,000-க்கு வந்துவிட்டது. சிறு வியாபாரிகளுக்கான ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில், விற்பனைக்கு ஒரு சதவீதம் என்று வரி கட்டுகிறேன். சரக்கு 9 லட்சத்துக்கு இருக்கும். கீழ்த்தளத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் ஆவணியோடு காலி செய்கிறது. 'வாடகையில் 20 சதவீதம் குறைக்கிறேன், இருங்கள்' என்கிறார் ஓனர். இடையில் காலி செய்யக்கூடாத லாக்-இன் காலம் முடிந்துவிட்டது, நோட்டீஸ் மூன்று மாதம், அட்வான்ஸ் 1,76,400. துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு குறுக்குத் தெருவில் 150 சதுர அடி 24,000-க்கும், திருவொற்றியூர் தேரடி அருகில் 200 சதுர அடி 14,000-க்கும் பார்த்து வைத்திருக்கிறேன். மகன் ஆன்லைனில் விற்கலாம் என்கிறான். இப்போது மாதம் ஏழெட்டாயிரம் கையைக் கடிக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, காலடிப்பேட்டை

பதில்: சகோதரி, கையைக் கடிப்பது ஏழெட்டாயிரம் இல்லை, பதினெட்டாயிரம். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

வாடகை 29,400, மெயின்டனன்ஸ் 7,560, சேர்த்து 36,960. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,653. காம்போசிஷனில் இருப்பதால் இந்த வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது, முழுக்கச் செலவுதான். கரண்ட் 9,500, சம்பளம் 26,000, உங்கள் விற்பனைக்கு ஒரு சதவீத வரி 2,100. மொத்தம் 81,213. விற்பனையில் நிற்பது 63,000. பாக்கி 18,213 எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? ராக்கிலிருந்து. விற்ற சரக்குக்குப் பதில் சரக்கு வாங்காமல் அந்தப் பணத்தில் வாடகை கட்டுகிறீர்கள். கல்லாவில் பணம் புழங்குவதால் நஷ்டம் பாதிதான் கண்ணில் படுகிறது. சைஸ் கேட்டு வருகிறவர்களிடம் 'அந்த சைஸ் தீர்ந்துபோச்சு' என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறதா? அதுதான் அடையாளம்.

அடுத்தது அந்த 20 சதவீதம். வாடகையில் 5,880 குறையும். ஆனால் மெயின்டனன்ஸ் எங்கே போகும் என்று ஓனர் சொல்லியிருக்க மாட்டார். லிப்ட், ஜெனரேட்டர், வாட்ச்மேன், கூட்டுகிறவர்கள், பொது விளக்கு எல்லாம் கடை காலியானாலும் ஓடியாக வேண்டிய செலவு. உதாரணத்துக்கு, மொத்தம் 25,000 சதுர அடிக் கட்டடத்தில் மாதச் செலவு 4,50,000 என்றால் சதுர அடிக்கு 18 ரூபாய். கீழே 9,000 சதுர அடி காலியானால் அதே 4,50,000-ஐ 16,000 சதுர அடி சுமக்கும். 28 ரூபாய் ஆகிவிடும். உங்கள் பங்கு 7,560-லிருந்து 11,760. வாடகையில் கொடுத்த 5,880-ல் 4,200 இந்த வழியாகத் திரும்பிப் போய்விடும். வரியையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் மிச்சமாவது ஏறக்குறைய 2,000 ரூபாய்.

மெயின்டனன்ஸை ஏற்றவில்லை என்றால் வேறு விதமாக வரும். எஸ்கலேட்டரை நிறுத்தி முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவார்கள். ஏ.சி. சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் ஓடும். மாடி டாய்லெட்டுக்குப் பூட்டு. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள்தான் உங்கள் வாடிக்கை, அவர்கள் முதலில் விலகுவது இந்த மூன்றுக்காகத்தான்.

சூப்பர் மார்க்கெட் போவது ஓனருக்கு அவ்வளவு வலிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தைக் கூட்டி வருகிற பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை எப்போதுமே குறைவாகத்தான் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கான விலையைக் கொடுத்தது உங்களைப் போன்ற சின்னக் கடைகள், 70 ரூபாயாக. கூட்டம் போன பிறகு 56 ரூபாய் என்பது சலுகையே இல்லை.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1956-ல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல்தான் முழுக்க மூடிய, ஏ.சி. செய்த முதல் மால். இரண்டு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை வைத்து நடுவில் சின்னக் கடைகள். எல்லாம் ஒரே கூரையில் என்பதுதான் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பலமே. அது கைப்பேசிக்குள் வந்ததும் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது, தலைக்கு மேல் கடன் இருந்தவை முதலில் சாய்ந்தன. சியர்ஸ் 2018-ல் திவால் மனு கொடுத்தது, பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் 2021-ல் கடைசிக் கடையை மூடியது, கனடாவின் ஹட்சன்ஸ் பே 2025-ல். அங்கே சின்னக் கடைக்காரர்கள் பலருடைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. பெரிய கடை போனால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், இத்தனை மாதத்தில் வேறு பெரிய கடை வராவிட்டால் வெளியேறலாம். அதனால் ஒன்று போனதும் வரிசையாகக் காலியாகும். நம் ஊர் சின்னக் கடை அக்ரிமென்ட்களில் அந்த ஷரத்து அபூர்வம். இங்கே கடைக்காரர் உட்கார்ந்தபடியே கரைவார்.

மால் என்றாலே செத்துவிட்டது என்று சொல்லவில்லை. வேளச்சேரி பீனிக்ஸ், ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, அண்ணாநகர் வி.ஆர். மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. கட்டடம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதால் எந்தக் கடை எங்கே, எது போய் எது வர வேண்டும் என்று அவர்களால் தீர்மானிக்க முடிகிறது. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் கடைகள் தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்டன. ஆளுக்கொரு ஓனர் என்றால் ஒரு தளத்தை மாற்றி அமைக்கக்கூட எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் காம்ப்ளெக்ஸ் எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம்: வாடகை ரசீதும் மெயின்டனன்ஸ் ரசீதும் வெவ்வேறு பெயரில் வந்தால் ஸ்பென்சர் வகை. உங்கள் ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கீழ்த்தளத்துக்கு ஆள் பிடிப்பது அவர் கையில் இல்லை.

சூப்பர் மார்க்கெட் போய் வியாபாரம் இன்னும் கால் பங்கு குறைகிறது என்று வையுங்கள். 1,57,500. நிற்பது 47,250. குறைத்த வாடகை, ஏறிய மெயின்டனன்ஸ், மற்றதெல்லாம் சேர்த்துச் செலவு 78,705. மாதம் 31,455 நஷ்டம். சரி, பேரம் பேசி எல்லாவற்றையும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம்: நிலையான வாடகைக்குப் பதில் விற்பனையில் 10 சதவீதம், மெயின்டனன்ஸ் உள் அளவுக்கு மட்டும் 18 ரூபாய், வேலைக்கு ஒரே பெண். உள் அளவு 260 சதுர அடி என்று கொண்டால் செலவு 48,182. அப்போதும் 932 ரூபாய் கை நஷ்டம், உங்களுக்குச் சம்பளம் இல்லாமல். அதனால் கிளம்புங்கள்.

அந்த உள் அளவை இன்றைக்கே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அக்ரிமென்டில் இருக்கும் 420-ல் வராண்டா, படிக்கட்டு, லிப்ட், டாய்லெட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். சரக்கு அடுக்கும் இடம் 260 பக்கம்தான் நிற்கும். தெருக் கடையில் 200 என்றால் பெரும்பாலும் ஷட்டருக்கு உள்ளே 200. பாதி இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், போவது அறுபது சதுர அடி.

எங்கே? எம்.சி. ரோடு பெயரைக் கேட்டால் ஆசை வரும். ஆனால் அங்கே ஜனம் வருவது விலைக்காக. மொத்த வியாபாரியும் சில்லறைக்குக் கொடுக்கிற தெருவில் நூற்றுக்கு முப்பது நிற்காது, இருபது நின்றால் பெரிது. 24,000 வாடகை, 4,000 கரண்ட், 13,000 சம்பளம், ஒரு சதவீத வரி போக, மாதம் 2,16,000 விற்றால்தான் கை நஷ்டமில்லை. அந்தக் கடையை விடுங்கள்.

தேரடியில் 14,000 வாடகை, 3,500 கரண்ட், 13,000 சம்பளம், மொத்தம் 30,500. பேரம் இருக்கும் என்பதால் நூற்றுக்கு 25 நிற்பதாக வையுங்கள், வரி போக 24. மாதம் 1,27,000 விற்றால் சமம். இப்போது செய்கிற அதே 2,10,000 அங்கே நடந்தால் கையில் 19,900 நிற்கும். அந்த ஓனர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால் வாடகைக்கு வரியும் இல்லை. பதிவில்லாத ஓனருக்குத் தரும் கடை வாடகைக்கு வாடகைதாரரே 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் கொண்டுவந்தார்கள், காம்போசிஷன்காரர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்கு வந்துவிட்டது. பின்னாளில் வழக்கமான திட்டத்துக்கு மாறினால் 14,000-க்கு 2,520 கட்ட வேண்டிவரும், நினைவில் வையுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு, மூன்று நாளும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை எதிர்ப்பக்கம் நின்று எண்ணுங்கள். நடக்கிறவர்களை எண்ணி என்ன பயன்? குழந்தையோடு போகிறவர்களையும் கையில் துணிக்கடைப் பை வைத்திருப்பவர்களையும் எண்ணுங்கள். 2022 மார்ச்சில் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் திறந்தபின் வேலைவிட்டு வருகிற கூட்டம் அங்கே இறங்குகிறது. இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறது, ஆட்டோவுக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள், கடை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பௌர்ணமியன்று வடிவுடையம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மாதத்தில் ஒரு நாள்.

பிறகு தண்ணீர். ஷட்டரின் அடிப்பகுதித் துரு, சுவரில் பெயின்ட் உப்பிய கோடு, பக்கத்துக் கடைப் பிரிட்ஜுக்கு அடியில் வைத்த செங்கல், மூன்றும் மழைநீர் எவ்வளவு ஏறியது என்று சொல்லும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது என்று டீக்கடைக்காரரைக் கேளுங்கள், வீட்டு புரோக்கரைக் கேட்காதீர்கள். தெரு மட்டத்துக்கு இரண்டு படி மேலே தரை இல்லாத கடை வேண்டாம். அடித்தட்டை எப்படியும் ஒன்றரை அடி உயர்த்தியே அடியுங்கள். பிளைவுட்டை இரும்பு ஆங்கிளில் ஏற்றாமல் தரையில் வைத்தால் ஒரே மழையில் ஊதிவிடும்.

மேற்குப் பார்த்த கடை என்றால் வெயில் இறங்கும் நேரத்தில் முன்வரிசைத் துணி வெளுக்கும், ஷேட் செலவையும் வாடகையோடு சேர்த்துப் பேசுங்கள்.

சரக்கு 9 லட்சம் என்பது அதிகம். மாதம் விற்பதன் கொள்முதல் 1,47,000 தான், ஆறு மாதச் சரக்கு தூங்குகிறது. 5 லட்சத்தோடு தேரடிக்குப் போனால் போதும். கையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு டிசைனிலும் எந்த சைஸ் இருக்கிறது என்று எழுதுங்கள். 16-லிருந்து 36 வரை ஓடும் வரிசையில் நடுவில் 22, 24, 26 இல்லாத டிசைன்தான் உடைந்த சைஸ், அதற்குப் புது வரவு சேர்க்க வேண்டாம், மொத்தமாகத் தள்ளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கிடப்பதை ஆடித் தள்ளுபடியில் வாங்கிய விலைக்கே கொடுங்கள். ஆடி கடைசி வாரத்திலும் மிஞ்சுவதை நடைபாதை வியாபாரிக்கு உருப்படிக் கணக்கில் கொடுத்துவிட வேண்டியதுதான். ஜிகினா வைத்த பார்ட்டி பிராக் மட்டும் தீபாவளிக்கு வையுங்கள். புதுக் கடைக்கு வாங்கும்போது ஸ்கூல் யூனிபார்ம், உள்ளாடை, பனியன், நைட்டி போல மாதாமாதம் தேவைப்படுவதில் பாதிப் பணத்தைப் போடுங்கள். காம்ப்ளெக்ஸில் பண்டிகைக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள், தெருக் கடையை வாரா வாரம் ஆள் வரவைக்கிற சரக்கு நடத்தும்.

மகன் சொல்வதில் ஒரு தடங்கல். காம்போசிஷனில் இருந்துகொண்டு ஆன்லைன் தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் விற்கலாம், வெளிமாநிலத்துக்கு முடியாது. குழந்தைத் துணியில் அளவு சரியில்லை என்று திரும்புவது அதிகம், 350 ரூபாய் பிராக் ஒன்று திரும்பினால் போக்குவரத்துச் செலவு அதன் லாபத்தைத் தின்றுவிடும். வாட்ஸ்அப் கேட்லாக் போதும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை மகனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

நோட்டீஸ் ஆடி முதல் வாரமே போகட்டும், வாய்வார்த்தையாக இல்லாமல் ஸ்பீடு போஸ்டில், 'ரிஜிஸ்ட்ரேஷன்' சேர்த்து, டெலிவரி ஆனதற்கான சான்றோடு. கூடவே ஒரு வரி: மூன்று மாத வாடகை 88,200-ஐ அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும், மீதி 88,200-ஐ சாவி கொடுக்கும் அன்று தரவும். காலியாகிக்கொண்டிருக்கிற கட்டடத்தில் அட்வான்ஸ் திரும்புவது கடைசிக் கவலை, அதனால் கழித்துக்கொள்வதே பாதுகாப்பு. ஓனர் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே வாடகையை நிறுத்துங்கள். மெயின்டனன்ஸையும் இரண்டுக்குமான ஜி.எஸ்.டி.யையும் மட்டும் நிறுத்தாமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் 'பாக்கி இல்லை' கடிதம் தராமல் சரக்கை லிப்டில் இறக்க விடமாட்டார்கள். கடைசி நாள் சப்-மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். ஸ்லாட் பலகை, கண்ணாடி கவுன்ட்டர் உங்கள் செலவில் போட்டதென்றால் பில்லை எடுத்து வையுங்கள்.

ஆவணியில் தேரடியைத் திறந்துவிடுங்கள், தீபாவளி அங்கே கிடைக்கும். ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியை 15 நாளுக்குள் மாற்ற வேண்டும், மாநகராட்சி தொழில் உரிமம் புது முகவரிக்குத் தனியாக எடுக்க வேண்டும். கூகுள் மேப்பில் புதிதாகப் போடாமல் பழைய கடையின் பதிவையே நகர்த்துங்கள், சேர்ந்திருக்கிற நட்சத்திரங்கள் கூடவே வரும். நோட்டீஸ் காலம் முடிகிறவரை பழைய கடை ஷட்டரில் புது முகவரியும் போன் நம்பரும் எழுதிய பேனர் தொங்கட்டும். அந்த வாடகையைத்தான் கொடுத்துவிட்டீர்களே.