'டிஸ்கஸ் அபௌட்' ஏன் தப்பு? ஆங்கில ப்ரிபொசிஷன்களை எப்படிப் பழகுவது?

'டாக் அபௌட்' சரி, 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு என்கிறார்கள். இதற்கு விதி ஏதும் உண்டா, இல்லை எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எந்த ப்ரிபொசிஷன் (இன், ஆன், டு, அபௌட் போன்ற சின்னச் சொல்) வரும், வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முன்னால் இருக்கும் சொல்தான் முடிவு செய்கிறது. தமிழிலும் அப்படித்தானே? அவனைப் பார்த்தேன், அவனிடம் கேட்டேன், அவனுக்கு உதவினேன், அவனோடு சண்டை போட்டேன். 'அவனை உதவினேன்' என்று ஏன் சொல்லக்கூடாது என யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 'உதவு' என்ற வினையோடு சேர்த்தே 'கு' உருபையும் கற்றுக்கொண்டோம். ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' எதையும் கேட்பதில்லை, 'ஐ ஹெல்ப்ட் ஹிம்' போதும். 'லிஸன்' மட்டும் 'டு' இல்லாமல் நகராது.

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளையும் கடிதங்களையும் திருத்துவதுதான் என் வேலை. அதில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லுக்கு உரிய ப்ரிபொசிஷன், அதே சொல் வினையாக வரும்போதும் கூடவே வந்துவிடும். 'எ டிஸ்கஷன் அபௌட் சாலரி' சரி. வினையாகும்போது 'வி டிஸ்கஸ்ட் சாலரி', நடுவில் எதுவும் இல்லை. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்' தப்பு. 'எம்ஃபஸிஸ் ஆன் குவாலிட்டி' சரி. 'எம்ஃபஸைஸ் ஆன் குவாலிட்டி' தப்பு. 'எ விசிட் டு மதுரை' சரி. 'ஐ விசிட்டட் மதுரை' என்றால் 'டு' கிடையாது. 'ஆன்சர்', 'ஆர்டர்' இரண்டும் இதே மாதிரிதான். எல்லா வினைக்கும் இது பொருந்தாது. 'டாக்', 'அப்ளை' போன்றவை வினையாக வரும்போதும் ப்ரிபொசிஷனை விடுவதில்லை. ஆனாலும் அலுவலகக் கடிதத்தில் வரும் தவறுகளில் நிறைய இந்த வகைதான், அதனால் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்த சிக்கல் நம்முடைய 'இல்'. தமிழில் காரில், பஸ்ஸில், சைக்கிளில், சுவரில், வாசலில் எல்லாவற்றுக்கும் ஒரே உருபு. ஆங்கிலம் இதைப் பிரித்துப் பார்க்கிறது. உள்ளே எழுந்து நின்று நடக்கக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு 'ஆன்'. குனிந்து ஏறி உட்காரும் காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்'. மேலே உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் மறுபடி 'ஆன்'. மரத்தில் பழம் தொங்கினால் 'ஆன் த ட்ரீ', கிளைகளுக்கு நடுவே பறவை உட்கார்ந்திருந்தால் 'இன் த ட்ரீ'. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி 'த்ரோ டு', 'த்ரோ அட்'. அவன் பிடிக்கட்டும் என்று பந்தை எறிந்தால் 'டு'. அவன்மேல் படட்டும் என்று குறிபார்த்து எறிந்தால் 'அட்'. 'ஷவுட் டு', 'ஷவுட் அட்' என்பதும் இதேதான், முன்னது தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது, பின்னது திட்டுவது. ஒரு சின்னச் சொல் எண்ணத்தையே மாற்றிவிடுகிறது.

தமிழ் எப்போதும் நம்மைத் தடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். காலத்தைச் சொல்லும்போது தமிழ்தான் துணை. 'ஐந்து வருஷமாக' என்றால் 'ஃபார்', '2019-இலிருந்து' என்றால் 'சின்ஸ்'. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை', 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'அன்டில்'. இவ்வளவு தெளிவாகத் தமிழிலேயே இருக்கும்போது 'ஐ வில் சப்மிட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுத வேண்டியதில்லை. வினையில் மட்டும் கவனம் தேவை. 'ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் கை தானாக 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று எழுதிவிடும். அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும்.

இயல்பான சொற்சேர்க்கையும் இதே மாதிரிதான். நாம் தப்பு செய்கிறோம், ஆங்கிலத்தில் 'டூ' வராது, 'மேக் எ மிஸ்டேக்'. நாம் கனவு காண்கிறோம், அவர்கள் 'ஹேட் எ ட்ரீம்' என்கிறார்கள். லைட்டைப் போடுவதற்கு 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்', குழாயை மூடுவதற்கு 'டர்ன் ஆஃப்'.

சரி, எப்படிப் பழகுவது? அர்த்தம் மட்டும் சொல்லும் ஆங்கிலம்-தமிழ் அகராதியோடு நிறுத்தாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே செய்த அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று காட்டுவதுதான் அதன் சிறப்பு. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் 'டிஸ்கஸ்' என்று தேடினால் 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி' என்று இருக்கும். 'வித்' உண்டு, 'அபௌட்' இல்லை. நோட்டில் எழுதும்போதும் 'டிபெண்ட்' என்று மட்டும் எழுதாமல் 'டிபெண்ட் ஆன்' என்றும், 'குட்' என்பதை 'குட் அட் மேத்ஸ்' என்று முழுசாகவும் எழுதி, உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'அட் த வீக்கெண்ட்' என்பது பிரிட்டன் வழக்கு, 'ஆன் த வீக்கெண்ட்' அமெரிக்க வழக்கு. இந்த மாதிரி இடத்தில் இரண்டுமே சரி. எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்களோ அந்த வழக்கைக் கடைசி வரை மாற்றாமல் எழுதினால் போதும்.