முதலில் மனைவியிடம் சொல்லுங்கள்

கேள்வி: தொழிலில் ஏற்பட்ட நஷ்டத்தால் பெருங்கடனில் இருக்கிறேன். சிறையில் நள்ளிரவில் துதித்த பவுலையும் சீலாவையும் போல, நானும் பல மாதங்களாக வீட்டார் எழுவதற்கு முன்பே எழுந்து ஜெபித்து, ஸ்தோத்திரம் செலுத்தி வருகிறேன். ஆனாலும் மனதில் சமாதானம் இல்லை. என் மனைவிக்குக் கடன் விவரம் தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டாள். நான் ஜெபத்தில் வளர்ந்திருப்பதாக நினைத்து, சென்ற மாதம் சபையில் எழுந்து அதற்காக நன்றி சொல்லிச் சாட்சி கூறினாள். நான் இன்னும் அதிகமாகத் துதிக்க வேண்டுமா? உபவாசம் இருக்க வேண்டுமா? என் விசுவாசம்தான் குறைவா?

பதில்: சகோதரரே, கடனும் கலக்கமும் வறண்டுபோன ஜெபமும் எனக்கு வரும் கடிதங்களில் வாரந்தோறும் இருப்பவை. உங்கள் மனைவியின் சாட்சியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒற்றை வரியில்தான் நான் நின்றுவிட்டேன். சபையார் முன்னிலையில் எழுந்து, கணவர் ஏன் விடியுமுன் விழித்துக்கொள்கிறார் என்பதை அறியாமலேயே, அதற்காக ஒரு பெண் தேவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தீர்கள். வீடு திரும்பிய பிறகும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து மீண்டும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். சமாதானம் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்பது விந்தையாக இருக்கிறது.

"தாங்கமாட்டாள்" என்று எழுதும் கணவர்கள், அந்தச் செய்தியைக் கேட்கும் மனைவியின் முகத்தைத் தங்களால்தான் தாங்க முடியாது என்பதைப் பெரும்பாலும் அப்படி எழுதுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். குடும்பத்தின் பாரத்தை ஒருவர் தனியே சுமப்பது தியாகம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும் நாளில், அவருக்குத் தெரிந்த செய்தி உங்கள் மனைவிக்குத் தெரியாமல் இருக்கும். வீட்டுக்கு உரியவரை வீட்டில் கடைசியாக அறிகிறவராக்குவது அவமதிப்பு. அன்பினால் செய்தேன் என்பதால் அது வேறொன்றாகிவிடாது.

நீங்கள் எடுத்துக்காட்டிய பவுலிடமே வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில், பிலிப்பி பட்டணத்துச் சிறையில், நள்ளிரவில் பாடியவர்கள் இருவர். இருவரும் ஒரே நாளில் அடிக்கப்பட்டவர்கள்; இருவருடைய கால்களும் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தன. பவுலின் முதுகில் என்ன இருந்தது என்று சீலாவுக்குத் தெரியும். காவலில் வைக்கப்பட்டிருந்த மற்றவர்களும் அந்தப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் துதியில் சீலா எங்கே? அவர் அடுத்த அறையில் ஒன்றும் அறியாமல் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாளாகமம் 20ஆம் அதிகாரத்தையும் நிதானமாக வாசியுங்கள். பாடகர்களைப் படைக்கு முன்னே நடக்கவிட்ட யூதாவின் ராஜா யோசபாத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் துதி அந்த அதிகாரத்தின் பிற்பகுதியில்தான் வருகிறது. மோவாபியரும் அம்மோனியரும் திரண்டு வருகிறார்கள் என்ற செய்தி எட்டியதும், ராஜா முதலில் பயந்தான் என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. பிறகு அவன் ஜனங்களைக் கூட்டி, எதிர்த்து நிற்கத் தங்களுக்குப் பெலன் இல்லை, செய்ய வேண்டியது இன்னதென்றும் தெரியவில்லை என்று எல்லாரும் கேட்க ஜெபித்தான். அங்கே நின்றவர்கள் யார் என்பதைப் 13ஆம் வசனம் குறித்து வைத்திருக்கிறது: யூதாவின் ஆண்களோடு அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் குழந்தைகளும் நின்றார்கள். தங்கள் ராஜாவுக்கு வழி தெரியவில்லை என்பதை அந்தப் பெண்கள் காதால் கேட்டார்கள். யாரும் தாங்காமல் விழுந்ததாக எழுதப்படவில்லை. பாடகர்கள் புறப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பெலன் இல்லை, வழி தெரியவில்லை என்று முறையிடும் அந்த முதல் பாதி உங்கள் ஜெபத்தில் இல்லை. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முறையீடுகள். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று தொடங்கிப் பாடலில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் துதிக்கு வந்து சேராமலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. புலம்ப அனுமதி இருக்கும்போது நீங்கள் ஏன் வலிந்து துதிக்கிறீர்கள்? வாய்விட்டு அழுதால் மனைவி காரணம் கேட்பார் என்பதாலா? விசுவாசம் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். அதை அளக்க நான் யார்? ஆனால் பேதுரு தம் முதல் நிருபம் 3:7இல், ஜெபங்களுக்குத் தடை வராதபடி மனைவியைக் கிருபைக்கு உடன் சுதந்தரவாளியாக, அதாவது சம உரிமையுள்ள வாரிசாக, எண்ணிக் கனம்பண்ணச் சொல்கிறார். தடை எங்கே என்று தேடுகிறவர் முதலில் அங்கே பார்க்கட்டும். (நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்து அப்போஸ்தலரிடம் பொய் சொன்ன தம்பதியரான அனனியாவும் சப்பீராளும்கூடத் தங்கள் பொய்யை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை.)

இனிச் செய்ய வேண்டியது. யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, தவணை எப்போது, எந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்து என்று ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். சிறிய கடன்களை விட்டுவிட்டால், பின்னால் அவை தெரியவரும் நாளில் பெரிய கடன்களைச் சொன்னதற்கும் மதிப்பு இருக்காது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அந்தத் தாளை மனைவியின் கையில் கொடுங்கள். அந்தப் பேச்சை ஜெபத்தோடு தொடங்காதீர்கள். கண்ணை மூடி ஜெபித்து முடித்த கணவரிடம் கோபப்பட எந்த விசுவாசிக்கும் கூச்சமாக இருக்கும், உங்கள் மனைவிக்கோ கோபப்பட உரிமை இருக்கிறது. சபையில் சொன்ன சாட்சி நினைவுக்கு வந்து அவர் அழுதால், வசனம் சொல்லித் தேற்ற முயல வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள், அதையும் உடனே தரும்படி நெருக்காதீர்கள். போதகரிடமும் கடன் கொடுத்தவர்களிடமும் பேசப் போகும்போது, அவருக்கு விருப்பமானால் இருவருமாகப் போங்கள்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தம்பதியர் உபவாசத்திற்காகவும் ஜெபத்திற்காகவும் சிலகாலம் பிரிந்திருப்பதானால்கூட, அது இருவரும் சம்மதித்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஆகவே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல், தாளைக் கொடுத்த பிறகு உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.