சங்கிரியாவுக்கு எந்த ஒயின்? வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்கிவிட்டால் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்களிடமிருந்து சங்கிரியாவைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஒயினில் பழமும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்து, சோடா கலந்து குளிரக் குடிக்கும் ஸ்பானியப் பானம் அது. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அலுவலக நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருந்தேன். விருந்தாளிகளுக்கு மட்டமானதைக் கொடுக்கக் கூடாதென்று விலை உயர்ந்த ரியோஹா ரெசெர்வா இரண்டு புட்டிகள் வாங்கிச் சங்கிரியா செய்தேன். குளிரவைத்து ஊற்றியபோது நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பும், கடைசியில் ஒரு கசப்பும் வந்தன. தவறு பழத்திலா, ஒயினிலா? (வாசகி, சூரிச்)

பதில்: கசப்புக்குப் பழம் காரணமாக இருக்கலாம், அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம். துவர்ப்புக்குக் காரணம் ஒயின்தான். அது மோசமான ஒயின் என்பதல்ல, இந்த வேலைக்கு உரியதல்ல என்பதே சிக்கல். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து விதிப்படி ரெசெர்வா என்று பெயர் பெறும் சிவப்பு ஒயின் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் மரப் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்கிய துவர்ப்போடு மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து, வனிலாவை நினைவூட்டும் ஒரு மணமும் அதில் குடியேறிவிடுகிறது. அறையின் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, 17 டிகிரி அளவில், சுட்ட ஆட்டிறைச்சியோடு அருந்தும்போது இவை அனைத்தும் அந்த ஒயினின் சிறப்புகள். அதையே பனிக்கட்டி போட்டு 5 டிகிரிக்கு இறக்கினால் மணம் அடங்கிப்போய்த் துவர்ப்பு மட்டும் தலைதூக்கும். நெடுநேரம் ஊறிய தேயிலைச் சாயத்தைச் சூடாகக் குடித்துப் பாருங்கள், பிறகு அதையே ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். சாயம் அதேதான், ஆறியதும் பல்லில் ஒட்டுகிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாகவே எண்ணிப் பழகிய நமக்கு இதை விளக்குவது எளிது.

சங்கிரியாவுக்கு வேண்டியது இளமையான, பழச்சுவை முன்னிற்கிற, பீப்பாயைக் காணாத அல்லது மிகக் குறைவாகவே கண்ட சிவப்பு ஒயின். ஸ்பானியப் புட்டிகளில் ‘ஹோவென்’, அதாவது இளையது, என்ற சொல் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பீப்பாயில் முதிர்ந்ததைக் குறிக்கும் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்ற மூன்றையும் அவற்றுக்குரிய சாப்பாட்டுக்கு விட்டுவிடலாம். திராட்சை வகையில் என் முதல் தேர்வு கார்னாச்சா. கலத்தாயூத், காம்போ தே போர்ஹா ஆகிய அரகோன் பகுதி ஒயின்களில் அது செம்புற்றுப்பழ (ஸ்ட்ராபெரி) மணத்தோடு, துவர்ப்புக் குறைவாக வரும். ஆனால் வெயில் குடித்த அந்தத் திராட்சையில் மதுவின் அளவு 14 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம் என்பதால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லா மாஞ்சாவிலும் வால்தேபென்யாஸிலும் விளையும் தெம்ப்ரனில்லோ திராட்சையின் இளைய ஒயினும் நன்றாகப் பொருந்தும். நீங்கள் இருக்கும் இடத்தில் பிரெஞ்சு ஒயின்கள் எளிதில் கிடைக்குமென்றால், கமே திராட்சையில் செய்யப்படும் போஜொலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குளிரவைத்துக் குடிக்கும் பழக்கம் அந்த நாட்டிலேயே உண்டு. துவர்ப்பு மிகுந்த காபர்னே சோவிஞ்ஞோன், நெபியோலோ, தன்னா ஆகிய வகைகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இங்கே வேண்டாம்.

ஐயம் இருந்தால் ஒரே ஒரு புட்டி வாங்கி, அரைக் கோப்பை ஊற்றி, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்கும்போது எதையும் சேர்க்காமல் விரும்பிக் குடிக்க முடிகிற ஒயின்தான் சங்கிரியாவுக்கு ஏற்றது. இரண்டு ரெசெர்வாவைப் பழச்சாற்றில் கரைத்ததற்காக வருந்த வேண்டாம். ஸ்பெயினில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பழத்தை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்கிறது ஒரு செய்முறை, இரண்டு நாள் ஊற வேண்டும் என்கிறது மற்றொன்று. எதை நம்புவது? அளவோடு ஒரு முறையைச் சொல்ல முடியுமா? (வாசகர், டொரன்டோ)

பதில்: இரண்டு நாள் என்ற பாடத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். வலென்சியாவில் ஓர் உணவகத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த முதல் கோடையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்கூட்டியே தயாராகிவிடலாம் என்று, வெள்ளிக்கிழமை இரவே ஆரஞ்சுகளைத் தோலோடு வட்டமாக அரிந்து ஒயினில் போட்டு மூடிவைத்தேன். ஞாயிறு காலையில் தலைமைச் சமையற்காரர் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். ஒன்றும் சொல்லாமல், ஊறிக் கிடந்த ஒரு வில்லையை எடுத்து, தோலுக்கும் சுளைக்கும் நடுவிலிருந்த வெள்ளைப் பஞ்சை மட்டும் கத்தியால் சீவி என் கையில் வைத்து, மென்று பார்க்கச் சொன்னார். வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் இருந்தது. அன்று அந்தப் பானை முழுவதும் தொட்டிக்குள் போயிற்று.

இதன் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பஞ்சிலும் சுளையின் மெல்லிய உறையிலும், தன்னளவில் கசக்காத ஒரு பொருள் இருக்கிறது. பழம் நறுக்கப்பட்டுப் புளிப்போடு கலந்ததும் அது மெதுவாக லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. அதனால்தான் பிழிந்த உடன் தித்திக்கும் ஆரஞ்சுச் சாறு சில மணி நேரத்தில் கசக்கத் தொடங்குகிறது. அடியில் தொப்புள்போல் குமிழ் உள்ள நேவல் ஆரஞ்சில் இது அதிகம். வலென்சியா வகை ஆரஞ்சில் குறைவு. சாற்றுக்கு வலென்சியா வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஒயினுக்கு வேண்டிய ஆரஞ்சு மணம் சுளையில் இல்லை, மேல்தோலின் எண்ணெயில் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் பிரித்தெடுப்பதே என் முறை. ஓர் ஆரஞ்சு, அரை எலுமிச்சை ஆகியவற்றின் மேல்தோலைக் காய்சீவியால், வெள்ளை ஒட்டாதபடி, மெல்லிய நாடாக்களாகச் சீவிக்கொள்ளுங்கள். அதன்மேல் 3 மேசைக்கரண்டி சர்க்கரையைத் தூவி மரக்கரண்டியின் அடிப்புறத்தால் இரண்டு நிமிடம் அழுத்தி நசுக்கி, அரை மணி நேரம் மூடிவையுங்கள். திறக்கும்போது சர்க்கரை கடற்கரை ஈரமணல்போல் திரண்டு, சமையலறை முழுவதும் மணக்கும். அதில் 60 மில்லி பிராந்தியையும், இரண்டு ஆரஞ்சுகளின் சாற்றையும், அதாவது ஏறத்தாழ 150 மில்லியையும் ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். குளிர்ந்த ஒயினில் சர்க்கரையை நேராகக் கொட்டினால் அது கரையாமல் அடியில் தங்கிவிடும். பிறகு 750 மில்லி ஒயின், விரல் நீளத்தில் ஒரு துண்டுப் பட்டை, துண்டுகளாக நறுக்கிய ஒரு கெட்டியான ஆப்பிள், ஒரு பீச் பழம். இது குளிர்பெட்டியில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் இருந்தால் போதும். கண்ணுக்கு அழகாக மிதக்க வேண்டிய ஆரஞ்சு வில்லைகளை ஊற்றுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு மட்டும் போடுங்கள். 250 மில்லி சோடாவை மேசைக்குக் கொண்டுவந்த பிறகு சேருங்கள். பனிக்கட்டி பெரிய துண்டுகளாக இருக்கட்டும். பொடிப்பொடியாக இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் தண்ணீர்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 13 விழுக்காடு ஒயினில் 97 மில்லிக்குச் சற்று மேலும், 40 விழுக்காடு பிராந்தியில் 24 மில்லியும் மது இருக்கிறது. சோடா எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லிட்டருக்கு அருகில் வரும் இந்தப் பானம் ஏறத்தாழ 10 விழுக்காடு மதுவுடையது. பழச்சாறுபோல் தொண்டையில் இறங்கினாலும் இது பியரைப்போல் இரு மடங்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால், கோப்பையின் அடியில் மிஞ்சும் ஆப்பிள் துண்டுகளும் மதுவில் ஊறியவையே என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: திறந்து ஒரு வாரமாகிப் பாதி மிஞ்சிய ஒயினைச் சங்கிரியாவில் போட்டுத் தீர்த்துவிடலாமா? (வாசகர், லண்டன்)

பதில்: முகர்ந்து பாருங்கள். மணம் மங்கியிருந்தால் பழமும் பட்டையும் அதை ஓரளவு தூக்கிக்கொடுக்கும். காடி நெடி வந்துவிட்டதென்றால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது, ஆரஞ்சோடு சேர்ந்து ஊறுகாய்த் தண்ணீரின் சாயல்தான் வரும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வீசினால் அது தக்கை கெட்ட ஒயின். அதற்கும் மருந்து கிடையாது. மூன்று நாளுக்கு உட்பட்டதை, குளிர்பெட்டியில் மூடி வைத்திருந்தால், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: சங்கிரியா சுற்றுலாப் பயணிகளின் பானம் என்று இங்குள்ள நண்பர்கள் சிரிக்கிறார்கள். அப்படியென்றால் அது ஸ்பானியர்களுடையது இல்லையா? (மாணவர், மத்ரித்)

பதில்: அவர்களுடையதுதான், மதுவிடுதிகளில் அதைக் கேட்பதுதான் அவர்களுக்குச் சிரிப்பு. வீட்டுக் கூட்டங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பெரிய பாத்திரத்தில் கலக்கி எல்லோரும் பகிர்ந்துகொள்வது ஒன்று, கடற்கரையோரக் கடையில் பழத்துண்டு மிதக்க விற்பது மற்றொன்று. வெயில் நேரத்தில் உங்கள் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ‘தின்தோ தே வெரானோ’வாக இருக்கும். கோடைச் சிவப்பு ஒயின் என்று பொருள்படும் அது, சிவப்பு ஒயினும் ‘கசியோசா’ என்கிற இலேசான இனிப்புச் சோடாவும் சம அளவில் கலந்து, பனிக்கட்டியும் ஓர் எலுமிச்சை வில்லையும் போட்டது. ஊறவைக்கும் வேலையே கிடையாது. தனியாக ஒரு கோப்பை வேண்டுமென்றால் நானும் அதைத்தான் செய்துகொள்கிறேன்.

சங்கிரியாவின் பெயர் குருதியைக் குறிக்கும் ‘சங்ரே’ என்ற ஸ்பானியச் சொல்லோடு தொடர்புடையது. ஒயினின் நிறமே அதற்குக் காரணம் என்பார்கள். 1964இல் நியூயார்க்கில் தொடங்கிய உலகக் கண்காட்சியின் ஸ்பானிய அரங்கில் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அமெரிக்கர்களிடையே அது பரவலாயிற்று. வெளியே இவ்வளவு பெயர் பெற்றுவிட்டதால் சட்டமும் காவலுக்கு வந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் செய்யப்பட்டது மட்டுமே சங்கிரியா என்ற பெயரில் விற்கப்படலாம், அதில் பாதியாவது ஒயினாக இருக்க வேண்டும், மது 4.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 12 விழுக்காட்டை எட்டாமலும் இருக்க வேண்டும். பிற நாட்டில் செய்தவர் மணமூட்டிய ஒயின் பானம் என்று முதன்மையாக எழுதி, எந்த நாட்டில் செய்தது என்பதையும் குறித்தால்தான் இப்பெயரைத் தொட முடியும். விற்பனைக்கு மட்டுமே இந்தக் கட்டுப்பாடு. வீட்டுப் பானைக்கு இல்லை.

கேள்வி: வெள்ளை ஒயினில் செய்யலாமா? (வாசகி, ஒஸ்லோ)

பதில்: செய்யலாம். மேலே சொன்ன அதே விதி வெள்ளை ஒயினில் செய்ததற்குக் ‘கிளாரெயா’ என்ற பெயரைத் தருகிறது. கத்தலோனியாவில் குமிழ் பொங்கும் ஒயினான காவாவில் செய்வதும் உண்டு. அப்போது சோடா தேவையில்லை. பிராந்தியைத் தவிர்த்துவிட்டு, பீச், பச்சைத் திராட்சை, சில புதினா இலைகள் போதும். பீப்பாயில் முதிர்ந்த சார்டொனே மட்டும் வேண்டாம்; வெர்தெஹோ, சோவிஞ்ஞோன் பிளாங்க் போன்று புளிப்பு நிமிர்ந்து நிற்பவை நல்லவை. சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: என் மாமியாரும் பிள்ளைகளும் மது தொடமாட்டார்கள். அவர்களுக்கும் அதே மேசையில் ஒரு குடுவை வைக்க வழி உண்டா? (வாசகி, பாரிஸ்)

பதில்: ஸ்பெயினின் விடுதிகளில் ‘மோஸ்தோ’ என்று கேட்டால் புளிக்கவைக்காத திராட்சைச் சாற்றைக் குளிரக் குளிரக் கொடுப்பார்கள், அதே வழியில் போகலாம். கறுப்புத் திராட்சைச் சாறு தனியாக இருந்தால் திகட்டிவிடும், ஏனெனில் ஒயினுக்கு உடம்பைக் கொடுக்கும் துவர்ப்பு அதில் போதிய அளவு இல்லை. அதைத் தேயிலையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் சாற்றுக்குக் கால் லிட்டர் கெட்டியான தேயிலைச் சாயம், நான்கு நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் வடித்து, ஆறவைத்து ஊற்ற வேண்டும். ஓர் எலுமிச்சையின் சாறு, சீவிய ஆரஞ்சுத் தோல், பட்டை, ஆப்பிள் துண்டுகள் ஆகியவற்றைச் சேருங்கள், சர்க்கரை வேண்டாம். சோடாவைக் கடைசியில் சேருங்கள். நிறத்தில் இரண்டு குடுவைகளுக்கும் வேறுபாடே தெரியாது என்பதால், பிள்ளைகளின் குடுவைக்குள் மட்டும் ஒரு புதினாக் கொத்தைப் போட்டு வையுங்கள்.