மலையேறும்போது டர்போ கார் திணறினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: 2014இல் வாங்கிய 1.3 லிட்டர் டர்போ டீசல் கார் என்னுடையது. 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சமவெளியில் குறையே தெரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மட்டும் இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ‘உஸ்’ என்று சத்தம், பின்னால் கரும்புகை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. டர்போவை மாற்ற வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். ட்யூனிங் பாக்ஸ் பொருத்தினால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் பாதி பதில் அந்த ‘உஸ்’ஸிலேயே இருக்கிறது.

டர்போ என்பது புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்கு அனுப்பும் விசிறி. அந்தக் காற்று நேராக என்ஜினுக்குள் போவதில்லை. ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், சூடு தணிந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. பத்து ஆண்டுகள் வெப்பத்திலும் எண்ணெய் ஆவியிலும் ஊறிய ரப்பர் எங்காவது விரிசல் விடும். அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். வண்டி நிற்கும்போது அந்த விரிசல் மூடிக்கிடக்கும். சமவெளியில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போதும் பெரிதாகத் திறக்காது. ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போதுதான் வாயைப் பிளக்கும்.

கரும்புகைக்கும் காரணம் அதுவாக இருக்கலாம். பல டீசல் கார்களில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே அளந்த காற்றுக்குத் தக்கபடி கணினி டீசலைத் தெளிக்கிறது. வழியில் கசிந்த காற்று அதன் கணக்கில் வராது. எரிய வழியில்லாத டீசல் கரியாக வெளியேறுகிறது. கசிவு சிறிதாக இருந்தால் எச்சரிக்கை விளக்கும் எரியாது.

சோதிப்பது எளிது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறந்து, இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களின் அடிப்பக்கத்தை விரல்களால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பில்தான் பெரும்பாலும் கிழிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய தூசியுமாக ஓரிடம் மட்டும் கறுத்திருந்தால் கசிவு அங்கேதான். தட்டுப்படாவிட்டால், டர்போவின் காற்று நுழைவாயிலை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சோப்பு நீர் தெளிக்கச் சொல்லுங்கள். டயர்க் கடைக்காரர் பஞ்சர் தேடும் அதே வித்தைதான்.

அடுத்தது ஸ்கேனர், அதாவது காரின் கணினி காட்டும் அளவுகளைப் படிக்கும் கருவி. என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, உட்செல்லும் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கலை ஒட்டியும், ஊட்டியில் 77-78 என்றும் காட்ட வேண்டும். இதுவே தப்பாக இருந்தால் கோளாறு சென்சாரில். சரியாக இருந்தால், மூன்றாம் கியரில் ஏற்றத்தில் நன்றாக அழுத்தி ஓட்டச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். கணினி கேட்கும் அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் ஒன்றையொன்று ஒட்டியே ஏற வேண்டும். கேட்பது 210, கிடைப்பது 150 என்றால் காற்று எங்கோ போகிறது. ஹோஸ்கள் சரியாக இருந்தும் இந்த இடைவெளி இருந்தால், வேஸ்ட்கேட் (மிகுதி வாயுவை டர்போவைச் சுழற்றாமல் வெளியே விடும் கதவு) முழுதாக மூடுகிறதா, அதைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரின் தண்டு சிக்காமல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு இரண்டையும் கையோடு பார்த்துவிடலாம்.

டர்போ உண்மையிலேயே கெட்டிருந்தால் அடையாளம் வேறு. புகை நீலமாக வரும், என்ஜின் ஆயில் குறையும், ‘உஸ்’ஸுக்குப் பதில் சைரன் போன்ற ஊளை கேட்கும். காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் சுழல்தண்டை அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் இம்மி அசைவு இருப்பது இயல்பு. தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதப்பதற்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஆயில் வரும் சிறு குழாயைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. கரி அடைத்த பழைய குழாயோடு பொருத்தினால் புதிய டர்போவும் சீக்கிரமே போய்விடும்.

ட்யூனிங் பாக்ஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை செய்வது, எரிபொருள் அழுத்த சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டி, கூடுதல் டீசலைத் தெளிக்க வைப்பது. உங்கள் காருக்குக் குறைவது காற்று. டீசலைக் கூட்டினால் புகையும் வெளியேறும் வாயுவின் வெப்பமும்தான் கூடும்.

முறையான ரீமேப், அதாவது காரின் கணினியில் உள்ள கணக்குகளையே மாற்றி எழுதுவது, வேறு விஷயம்தான். ஆனால் கசிவை அடைத்து, ஸ்கேனர் அளவுகள் சரியான பிறகே அந்தப் பேச்சு. மலைக்கு அடிக்கடி போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே அழுத்தத்தை எட்ட டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். உயரத்தில் குறையும் காற்றை ஈடுகட்டத்தான் 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், 14,000 அடி உயரத்தில், லிபர்ட்டி விமான என்ஜினோடு டர்போவைச் சோதித்தார்கள். கீழே 350 குதிரைத்திறன் தந்த என்ஜின் மேலே 230 தந்தது. டர்போ சேர்த்ததும் 356. உங்கள் காரின் சிறிய டர்போ இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. சமவெளியில் வைத்து அழுத்தத்தைக் கூட்டி எழுதிய ரீமேப், மலையில் அதை எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். ரீமேப் செய்பவர் உயரத்துக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த முறை ஏற்றத்தில் அழுத்தி ஓட்டி வந்து பர்லியாறில் தேநீருக்கு நிறுத்தினால், என்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்; சூடேறிய டர்போவை ஆயில் ஆற்றட்டும். இறங்கும் வழியில் அது தேவையில்லை. அப்போது டர்போவுக்கு வேலையே இருக்காது.