லீவுக் கடிதங்கள்

அன்புள்ள அக்கா,

என் பெயரை வெளியிட வேண்டாம். விசுவமடுவிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கல்யாணம் கட்டி 14 வருடம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இவருக்கு மேசன் வேலை. வேலை சுத்தம் என்று ஊரில் பெயர் எடுத்தவர். குடிக்காத நாளில் இவரைப் போல ஒரு தகப்பனைக் காண முடியாது; மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் நடந்துபோய் வருவார்.

முன்பு சம்பளம் கிடைக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் குடித்தார். இப்போது மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும், வேலைத்தளத்திலும். காலையில் கை நடுங்குகிறது, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். காசு இருந்தால் சாராயம், இல்லாவிட்டால் கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பு. வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்கு நான்தான் போன் எடுத்துக் காய்ச்சல் என்று சொல்கிறேன். கோழிக்கூடு போட நான் எடுத்த 60,000 ரூபாய் நுண்கடனில் பாதியைக் குடித்தே முடித்துவிட்டார். தவணைக் காசை நான் மா இடித்து விற்றுக் கட்டுகிறேன். போத்தலை ஒளித்தேன், கிணற்றடியில் ஊற்றினேன், கோயிலில் சத்தியம் வாங்கினேன். சத்தியம் மூன்று நாள் தாங்கவில்லை. இரண்டு தடவை கை நீட்டியும்விட்டார். மறுநாள் அழுதார்.

நான் முகம் கொடுத்துப் பேசினால் அவன் ஏன் குடிக்கப் போகிறான் என்று மாமி கேட்கிறார். இவர் சொல்வது வேறு. முள்ளிவாய்க்காலில் தகப்பனையும் தம்பியையும் ஒரே குழியில் மூடிவிட்டு வந்தவனுக்கு நித்திரை எப்படி வரும் என்கிறார். அக்கா, 2009 மே மாதம் நானும் ஒரு பங்கருக்குள்தான் கிடந்தேன். எனக்கும் நித்திரை வருவதில்லை. நான் எங்கே போய்க் குடிப்பது?

இப்போது மாமி ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறார். சொல்லாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் குடி தானாக வெறுத்துவிடுமாம். கொடுக்கவா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவா? இல்லை, இப்படியே சமாளிக்கவா? மகள் இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கொப்பியை மூடிவைத்துவிட்டுத் தம்பியையும் இழுத்துக்கொண்டு படுக்கப் போய்விடுகிறாள்.

(இதற்குக் கீழே, பென்சிலில், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி: ‘அப்பா கூடாதவர் இல்லை அன்ரி.’)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன்.

பொடியைக் கொடுக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை நாளை வரை பொறுக்கும், குழம்பு இன்றிரவே அடுப்பில் ஏறிவிடும். டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதை எடுத்த உடம்பில் மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். குடிப்பவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு, ஈரலையும் இதயத்தையும் சோதித்துத்தான் வைத்தியர்கள் அதைக் கொடுப்பார்கள். அறியாமல் விழுங்கியவர் வழக்கம்போல அரைப்போத்தலை இறக்கினால் உயிருக்கே மோசமாகலாம். உங்கள் மாமி வாங்கிய பொட்டலத்தில் இருப்பது அதுவா, ஏதாவது வேரா, வெறும் மாவா என்பது விற்றவனுக்காவது தெரியுமா என்பதே சந்தேகம். ஒன்றும் நடக்காவிட்டாலும், உங்கள் கையால் சோறு வாங்க அவர் பயப்படும் நாள் ஒன்று வரும். அன்றைக்குக் குடிக்கப் போக அவரிடம் ஒரு நியாயமான காரணமும் இருக்கும்.

அந்தக் கை நடுக்கத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடனுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பயமாக இருக்கிறது.

என் தகப்பனாரும் குடித்தார். துணுக்காய்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஒரு வருடம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய கிழமை, அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஒரே நாளில் நிறுத்தினார். அம்மாவின் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை நான் பிறகு பார்க்கவில்லை. மறுநாள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை கால் உதறியது. மூன்றாம் நாள் இரவு தும்புத்தடியை எடுத்து வெறும் சுவரைக் கூட்டத் தொடங்கினார். எறும்பு ஏறுகிறதாம், வரிசை வரிசையாக. ‘பிள்ளை, விளக்கைக் கொண்டு வா, கூரைக்குள் போய்விடப் போகிறது’ என்று என்னைக் கூப்பிட்டார். நான் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கூட்டினார். விடியப்புறம் வலிப்பு வந்து விழுந்தார். முனி அடித்துவிட்டது என்று அயலவர்கள் நூல் கட்ட ஆள் அனுப்பினார்கள். மாமா உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால்தான் பிழைத்தார். குடித்ததால் வந்த வருத்தமா என்று அம்மா கேட்டார். குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்தது என்றார் வைத்தியர். அம்மா அதை நம்பவே இல்லை.

நாள் தவறாமல் அதிகம் குடிக்கும் உடம்பு மதுவை எதிர்பார்த்தே இயங்கப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, மூன்றாம் நான்காம் நாளில் பிதற்றல் என்று வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் உயிரையும் எடுக்கும். கோயிலில் செய்த சத்தியம் மூன்று நாள் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளில் அவர் உடம்பு என்ன பட்டது என்று யாருக்குத் தெரியும்? இனிமேல் வீட்டுக்குள் பூட்டி வைத்தோ சத்தியம் வாங்கியோ நிறுத்த முயல வேண்டாம். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற பி1 விற்றமின் ஏற்றுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. எங்கே போவது என்று கேட்பதற்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது.

எப்படிக் கூட்டிப் போவது என்பீர்கள். வெறியில் இருக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். காலையில், அந்தக் கோப்பையை அவர் இரண்டு கையால் பிடித்திருக்கும் நேரத்தில், குடியைப் பற்றி ஒன்றும் பேசாமல் கையைப் பற்றி மட்டும் பேசிப் பாருங்கள். நடுங்கும் கையால் சாந்து பூசிவிடலாம், தூக்குக்குண்டைப் பிடித்து மட்டம் பார்க்க முடியாது. இது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தவர் இரவில் தனியாக அஞ்சுவதும் அதற்காகத்தான் இருக்கும். ‘கையைக் காட்டிக்கொண்டு வருவோம்’ என்று சொல்லிக் கூப்பிட்டால் வர இடம் உண்டு. முதல் தடவையே வரமாட்டார். வந்து, நிறுத்தி, திரும்பக் குடிப்பதும் நடக்கும். என் தகப்பனார் அந்த வலிப்புக்குப் பிறகு இரண்டு வருடம் தொடவில்லை, பிறகு தொட்டார். அந்த இரண்டு வருடமும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு வருடத்தில்தான் எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினார்.

இனி அந்தப் போன் அழைப்புகள்.

ஆறாம் வகுப்பில் என் கையெழுத்து அச்சாக அப்பாவின் கையெழுத்தைப் போல இருந்தது. எழும்ப முடியாத காலைகளில் அம்மா கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தருவார். ‘எனக்குக் கடும் காய்ச்சல் காரணமாக’ என்று நான் தொடங்குவேன். என் முதல் புனைகதைகள் அவை. ஒரே வருடத்தில் அவருக்கு நான்கு தடவை மலேரியா வரவழைத்திருக்கிறேன். வன்னியில் அன்று மலேரியா என்றால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்த செய்தியைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கடிதங்கள்தான்.

அவற்றால் அவருடைய வேலை மேலும் ஆறு வருடம் தப்பியது. குடியும் ஆறு வருடம் ஒரு சேதமும் இல்லாமல் நடந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, வேறு வருமானம் எங்களுக்கு இல்லை. ஆனால் அவர் குடித்ததன் பலனை அலுவலகத்தில் அவரே ஒரு நாளாவது எதிர்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். அடுத்த முறை முதலாளிக்கு நீங்கள் போன் எடுக்க வேண்டாம். அவரே எடுக்கட்டும், அல்லது எடுக்காமல் விடட்டும். அன்றைய கூலி போகும், அது வீட்டில் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன்.

போத்தலை ஊற்றுவதையும் விடுங்கள். கிணற்றடியில் ஊற்றிய ஒவ்வொரு போத்தலுக்குப் பதிலாகவும் இன்னொன்று வாங்கப்பட்டது, உங்கள் வீட்டுக் காசில். பௌர்ணமிப் போயா நாளில் அனுமதி பெற்ற மதுக்கடைகள் எல்லாம் பூட்டுகின்றன. அதனால் வன்னியில் வெறி குறைந்திருக்கிறதா? கசிப்புக்குப் போயா இல்லை. அவருடைய கடனைக் கட்டாதீர்கள், அவருக்காகப் பிணை நிற்காதீர்கள், உங்கள் பெயரில் இன்னொரு கடனும் எடுக்காதீர்கள். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு வர்த்தமானி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாட்களுக்குள் ஜனாதிபதி திருப்பிப் போட்டார். பெண் குடிக்கலாமா என்று அந்தக் கிழமை முழுவதும் பெரிய விவாதம். பெண்ணின் கோழிக்கூட்டுக் கடனில் வாங்கப்படும் சாராயத்தைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு வரி இருக்கவில்லை.

மாமி சொன்னதற்கு அதிகம் இடம் கொடுக்கப் போவதில்லை. உங்கள் முகம் பிடிக்காமல் குடிக்கிறவர், உங்கள் முகமே இல்லாத வேலைத்தளத்தில் ஏன் குடிக்கிறார்?

‘நான் எங்கே போய்க் குடிப்பது?’ என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். அவர் சொல்வது பொய்யில்லை. தகப்பனையும் தம்பியையும் அப்படி மூடிவிட்டு வந்தவருக்கு இரவு நீளம்தான். போருக்குப் பிறகு வன்னி மக்கள் ஒரு சமூகமாகவே மனக்காயம் பட்டிருப்பதைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இலேயே விரிவாக எழுதினார். ஆனால் சாராயம் அந்தக் காயத்துக்கு மருந்தாவதில்லை. முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஆளைச் சாய்த்துவிடும். வெறி முறியும் சாமத்தில் நித்திரையைக் கலைத்துக் கெட்ட கனவோடு எழுப்பிவிடும், விடியும்போது நெஞ்சில் பதற்றத்தை வைக்கும். அதை அடக்க இன்னொரு கால்போத்தல். உங்கள் இருவருக்கும் ஒரே துக்கம். லீவு மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த உளநலப் பிரிவுக்கு நீங்கள் உங்களுக்காகப் போங்கள். இத்தனை வருடமாக நித்திரை இல்லாத ஒரு பெண்ணும் நோயாளிதான்; குடிக்காததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கை நீட்டியதில் எனக்குச் சமாதானமே கிடையாது. வெறியில் செய்தது என்று நீங்கள் அவருக்காகச் சாட்சி சொல்லாதீர்கள். அதே வெறியில் அவர் முதலாளியை அடித்தாரா? 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு, முழுக் கட்டளை 12 மாதம் வரைக்கும். அது விவாகரத்து வழக்கு அல்ல. அவரைச் சிறைக்கு அனுப்ப எடுக்கும் கட்டளையும் அல்ல. அதை மீறினால்தான் தண்டனை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், விண்ணப்பம் எழுத வழி சொல்வார். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், காணிப் பெர்மிட் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு நம்பிக்கையான அயல் வீட்டில் வையுங்கள். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அம்மா வீட்டுக்குப் போவதா இருப்பதா என்பதை நான் இங்கிருந்து தீர்க்க முடியாது. அடி விழும் இரவில் கேள்வியே இல்லை, போய்விட வேண்டும். மற்றபடி போவதென்றால் மிரட்டுவதற்காகப் போகாதீர்கள். இரண்டாம் நாள் அவர் படலையில் நின்று அழுதவுடன் திரும்பி வந்தால், எத்தனை நாள் அழ வேண்டும் என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டோடு வரட்டும்.

பென்சிலால் எழுதிய பிள்ளைக்கு:

நீ எழுதியது சரி, அப்பா கூடாதவர் இல்லை. என் அப்பாவும் அப்படித்தான். நீ கணக்கில் கூடப் புள்ளி எடுத்தாலும் குறைய எடுத்தாலும், சத்தம் போட்டாலும் போடாமல் விட்டாலும், அவர் குடிப்பதில் ஒன்றும் மாறாது. நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவள். மோட்டார் சைக்கிள் படலையில் நின்ற சத்தத்தை வைத்து இன்றைக்கு எவ்வளவு வெறி என்று அறிய உனக்கும் தெரியும் என நினைக்கிறேன். எனக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் விழும் சத்தத்தில் தெரியும். அதை இன்னொருவரிடம் சொல்லலாம். உன் வகுப்பு ரீச்சரிடம், இல்லாவிட்டால் அம்மம்மாவிடம். வீட்டுக் கதையை வெளியில் சொன்னதாகாது.

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அடுத்த முறை பேனையால் எழுது. யாருக்காவது காய்ச்சல் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் மட்டும் எழுதிக் கொடுக்காதே.

அன்புடன்,
அன்ரி